விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில்: பூட் ஆகாமல் நின்றால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று இந்தப் பக்கத்து நண்பர்களின் வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்து வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு இது கூடிவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்காக விண்டோஸை ஒரேயடியாக விடவும் முடிவதில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்குப் பேஜ்மேக்கர் வேண்டும், அரிசி மண்டிக்கு டாலி வேண்டும். ஆகவே விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்தில் லினக்ஸ் வகைகளான மின்டோ உபுண்டுவோ போட்டுக்கொடு என்கிறார்கள். அப்படிப் போட்ட பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, மெஷினை ஆன் செய்ததும் சிஸ்டத்தை எழுப்பிவிடும் பூட் லோடரைச் சேர்ந்தவை.

கட்டளைகளைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

"காலையில் ஆன் பண்ணினேன். கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் நிற்கிறது. எல்லாம் போச்சா?"

இல்லை. பெரும்பாலும் ஒரு ஃபைல்கூடப் போயிருக்காது.

கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர்த் தண்ணீர் அங்கே வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்று ஷட்டர் சிக்கிக்கொண்டால் மன்னார்குடிப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் வராது. அதற்காக வயல் போய்விட்டது என்று யாரும் அழுவதில்லை. லஸ்கரைக் கூப்பிட்டு ஷட்டரைப் பார்க்கச் சொல்வோம். பூட் லோடர் அந்த ஷட்டர் மாதிரிதான். மெஷினை ஆன் செய்ததும் மதர்போர்டில் உள்ள நிரல் எழுந்து, டிஸ்க்கில் இருக்கும் ஒரு சின்ன நிரலைத் தேடி ஓடவிடும். விண்டோஸ் பக்கம் போவதா லினக்ஸ் பக்கம் போவதா என்று திருப்பிவிடுவது அந்தச் சின்ன நிரல். லினக்ஸ் போட்ட மெஷினில் அதன் பெயர் கிரப். அது தன் மற்ற பகுதிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும்போது வருவதுதான் நீங்கள் பார்த்த திரை. உங்கள் படங்களும் கணக்கும் கடிதங்களும் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருக் கோயிலின் திருவிழா வரவு செலவு, ஒன்பது வருஷத்துக் கணக்கு, ஒரே மெஷினில் இருந்தது. இதே கறுப்புத் திரை வந்ததும் பதறிப்போய் ஒரு கடையில் கொடுத்தார்கள். அங்கே டிஸ்க் முழுவதையும் ஃபார்மேட் செய்து புது விண்டோஸ் ஏற்றித் தந்துவிட்டார்கள். அந்தக் கணக்கு திரும்பவே இல்லை. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று கையில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

சரி, முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திரையில் உள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தியின் ஒவ்வொரு சொல்லும் உதவும்.

"பயாஸ் என்கிறார்கள், யூஇஎஃப்ஐ என்கிறார்கள். என் மெஷின் எது?"

ஆன் செய்ததும் மதர்போர்டில் எழும் நிரல் என்றேனே, அதன் பழைய வகை பயாஸ், புதிய வகை யூஇஎஃப்ஐ. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பழுதிலும் கை வைக்காதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பழைய பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுதான் எல்லாம். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. 446 பைட்டில் கிரப் முழுவதும் அடங்காது. ஆகவே முதல் துண்டை அங்கே வைத்துவிட்டு, அடுத்த துண்டை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்திலும் மீதியை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ளும் வைக்கிறார்கள். அந்த 446 பைட்டில் ஒருவர்தான் உட்கார முடியும். விண்டோஸை மறுபடி ஏற்றினால் அது கிரப்பை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்.

யூஇஎஃப்ஐ முறையில் இந்த இட நெருக்கடி இல்லை. டிஸ்க்கில் ஃபேட்32 வகையில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும், விண்டோஸ் வழக்கமாக 100 எம்பி அளவில் உருவாக்குவது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், உபுண்டு என்று ஒரு ஃபோல்டர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். எதை முதலில் கூப்பிட வேண்டும் என்ற வரிசையை மதர்போர்டு தன் நினைவில் வைத்திருக்கும். லினக்ஸ் போடும்போது இந்தப் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்துவிடக் கூடாது. விண்டோஸின் பூட் லோடரும் அதற்குள்தான் இருக்கிறது.

விண்டோஸில் பார்க்க: விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் பயாஸ் மோடு என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி (பழைய பயாஸ் முறை) என்று இருக்கும். லினக்ஸில் பார்க்க: சிஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்கள் பல வீடுகளில் இன்னும் பீரோவுக்குள் இருக்கின்றன. விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தவை அவற்றில் உண்டு. ஆரம்ப வருஷத்து மெஷின் என்றால் பெரும்பாலும் பழைய பயாஸ் முறைதான்.

"விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்று போட்டது. அப்புறம் நேராக விண்டோஸ்தான் வருகிறது. லினக்ஸைக் காணோம்."

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் கவலையே வேண்டாம். கிரப் தன் ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது, வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மெஷினை ஆன் செய்த உடனே பூட் மெனு கீயை விட்டு விட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. அசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏஸரில் எஃப்12, ஆனால் அந்த மெனுவைப் பயாஸ் அமைப்புக்குள் (யூஇஎஃப்ஐ மெஷினிலும் அந்த அமைப்புத் திரையைப் பயாஸ் என்றே சொல்வது வழக்கம்) போய் முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும். சில லெனோவோ லேப்டாப்களில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அணைத்திருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வரும்.

பட்டியலில் உபுண்டு என்ற பெயரைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் மின்ட் போட்டவர்களுக்கும் அங்கே உபுண்டு என்றுதான் காட்டும், குழம்ப வேண்டாம். லினக்ஸ் வந்துவிட்டால், மறுபடி பயாஸ் அமைப்புக்குள் போய் பூட் ஆர்டரில் அதை மேலே ஏற்றிச் சேமித்துவிடுங்கள். லினக்ஸில் கட்டளை தட்டும் திரையான டெர்மினலிலிருந்தே செய்வதானால் சுடோ (நிர்வாக உரிமை கேட்கும் சொல்) இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று கொடுத்தால் எல்லாப் பதிவுகளும் எண்ணோடு வரும். அதே கட்டளையோடு மைனஸ் ஓ சேர்த்து, வேண்டிய வரிசையில் எண்களைக் காற்புள்ளி போட்டுக் கொடுக்கலாம்.

பழைய பயாஸ் மெஷினில் விண்டோஸை மறுபடி ஏற்றியதால் வந்த சிக்கல் என்றால் கிரப்பைத் திரும்பப் பதிய வேண்டும். அதற்கான வழி கொஞ்சம் கீழே இருக்கிறது.

"எனக்கு நேர்மாறு. லினக்ஸ் வருகிறது, மெனுவில் விண்டோஸ் பெயரே இல்லை."

மற்ற சிஸ்டங்களைத் தேடிப்பிடித்து மெனுவில் சேர்ப்பது ஓஎஸ்-ப்ரோபர் என்ற நிரல். 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், பாதுகாப்புக் காரணத்துக்காக அதை இயல்பாகவே நிறுத்தி வைத்துவிட்டார்கள். திறந்துவிட, இடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள கிரப் ஃபைலை நிர்வாக உரிமையோடு திறந்து, கடைசியில் கிரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர் சமம் ஃபால்ஸ் என்று ஒரு வரி சேருங்கள். இதில் மட்டும் சமம் குறிக்கு முன்னால் உள்ளவை பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, சமம் குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. சேமித்துவிட்டு சுடோ அப்டேட்-கிரப்.

அதன் பிறகும் வரவில்லை என்றால், விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையிலும் லினக்ஸ் லெகசி முறையிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கிரப்பால் அழைக்க முடியாது. இரண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும்.

மெனுவே வராமல் நேராக லினக்ஸ் போகிறதா? ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்.

"இடம் பத்தவில்லை என்று விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். இப்போது எதுவும் வரவில்லை."

லினக்ஸ் போனது போனதுதான். விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது.

யூஇஎஃப்ஐ மெஷினில் கிரப் என்ற எழுத்தோடு ஒரு வரி நிற்கும். எக்ஸிட் என்று தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள், பல மெஷின்களில் அடுத்த இடத்தில் இருக்கும் விண்டோஸ் எழுந்துவிடும். இல்லாவிட்டால் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, பயாஸில் அதையே முதலில் வையுங்கள். பழைய பயாஸ் மெஷினில் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பூட்ரெக், இடைவெளி, சாய்கோடு, ஃபிக்ஸ்எம்பிஆர் என்று கொடுத்தால் போதும்.

"எதையும் அழிக்கவில்லை. இருந்தும் கிரப் ரெஸ்க்யூ. பென் டிரைவும் கையில் இல்லை."

அந்தத் திரையிலிருந்தே வெளியே வர வழி உண்டு. எல்எஸ் என்று தட்டுங்கள். எச்டி0 கமா ஜிபிடி5 என்பது போல அடைப்புக்குறிக்குள் சில பெயர்கள் வரும். டிஸ்க்கை 0-விலிருந்தும் பார்ட்டிஷனை 1-லிருந்தும் எண்ணுவது கிரப்பின் வழக்கம். ஒவ்வொன்றாக எல்எஸ், அடைப்போடு பெயர், சாய்கோடு, பூட், சாய்கோடு, கிரப் என்று கொடுத்துப் பாருங்கள். எதில் ஃபைல் பட்டியல் வருகிறதோ அதுதான் உங்கள் லினக்ஸ்.

அடுத்து செட் ப்ரிஃபிக்ஸ் சமம் என்று போட்டு அந்த முழுப் பாதையைக் கொடுங்கள். செட் ரூட் சமம் என்று போட்டு அந்தப் பெயரை மட்டும் கொடுங்கள். இன்ஸ்மாட் நார்மல். அப்புறம் நார்மல். வழக்கமான மெனு வந்துவிடும். லினக்ஸுக்குள் போனதும் கிரப்பைத் திரும்பப் பதியாவிட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது இதே திரைதான்.

"கிரப்பைத் திரும்பப் பதிவது எப்படி?"

லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென் டிரைவ் வேண்டும். 8 ஜிபி தாராளம். உங்கள் மெஷின் யூஇஎஃப்ஐ என்றால் பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்யுங்கள். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

சுலப வழி: பென் டிரைவிலிருந்தே ஓடும் மின்டின் லைவ் திரையில், மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் பூட் ரிப்பேர் என்ற கருவி உண்டு. திறந்து ரெக்கமண்டட் ரிப்பேர் என்பதை அழுத்தி, கேட்பதற்கு நிதானமாகப் பதில் சொன்னால் பல மெஷின்கள் அதிலேயே எழுந்துவிடும்.

அது கைவிட்டால் கையால் செய்யலாம். நான் இந்த வழியைத்தான் அதிகம் நம்புகிறேன், எந்தப் படியில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் பார்ட்டிஷன்களைப் பாருங்கள். லினக்ஸ் பார்ட்டிஷன் எஸ்டிஏ5 என்று வைத்துக்கொள்வோம். அதை எம்என்டி என்ற இடத்தில் மவுன்ட் செய்யுங்கள், அதாவது அந்த ஃபோல்டரில் திறக்கும்படி இணையுங்கள். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனை எம்என்டிக்குள் பூட், அதற்குள் இஎஃப்ஐ என்ற இடத்தில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கையும் பைண்ட் முறையில் எம்என்டிக்குள் இணையுங்கள். பிறகு சுடோ சிஎச்ரூட் கட்டளையோடு எம்என்டியின் பாதையைக் கொடுத்தால், டிஸ்க்கில் இருக்கும் உங்கள் சொந்த லினக்ஸுக்குள் போய்விடுவீர்கள். அங்கே கிரப்-இன்ஸ்டால், அதன்பின் அப்டேட்-கிரப். வெளியே வந்து ரீஸ்டார்ட்.

பழைய பயாஸ் மெஷினில் கிரப்-இன்ஸ்டாலுக்கு டிஸ்க்கின் பெயரைக் கொடுக்க வேண்டும், எஸ்டிஏ என்று. பார்ட்டிஷன் எண் சேர்த்து எஸ்டிஏ5 என்று கொடுத்தால் பதிவு தவறான இடத்துக்குப் போய்விடும்.

இந்தப் படிகள் உபுண்டு, மின்ட், டெபியன் குடும்பத்துக்கு. ஃபெடோரா யூஇஎஃப்ஐ மெஷினில் கிரப்-இன்ஸ்டால் கொடுக்காதீர்கள், அங்கே கிரப் பேக்கேஜையே மறுபடி நிறுவுவதுதான் முறை.

"செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்று ஒரு வரி வந்து மெஷின் அணைந்துவிடுகிறது."

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு உலகம் முழுவதும் இது நடந்தது. பழைய, ஓட்டையுள்ள பூட் லோடர்களைத் தடுக்கும் எஸ்பேட் என்ற பட்டியலை அந்த அப்டேட் புதுப்பித்தது. இரட்டை பூட் மெஷின்களுக்கு அது போகாது என்று அறிவித்திருந்தும் பல மெஷின்களில் போய்விட்டது.

நம்பகமான பூட் லோடரை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற அமைப்பைப் பயாஸில் அணையுங்கள். லினக்ஸுக்குள் போய் சுடோ மோக்யூட்டில் கட்டளையை இரட்டை மைனஸ் செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட் என்ற சொற்களோடு கொடுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்குள் போய்வந்து, எல்லா அப்டேட்டும் போட்டபின் செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள். ஆனால் அணைப்பதற்கு முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

"பயாஸில் ஏதோ மாற்றினேன். விண்டோஸ் இப்போது 48 இலக்க எண் கேட்கிறது!"

அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண். பூட் ஆகும் விதம் மாறியதும், யாரோ டிஸ்க்கைத் திருடிப் பார்க்கிறார்கள் என்று நினைத்து விண்டோஸ் கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்த மெஷின் என்றால் அந்தக் கணக்கின் பக்கத்தில் எண் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலேயே திறந்து பார்க்கலாம்.

இந்த ஒரு பதிலில் மட்டும் பயமுறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. அந்த எண் எங்குமே கிடைக்காவிட்டால் விண்டோஸ் பார்ட்டிஷனில் உள்ளவற்றை யாராலும் திறக்க முடியாது. நான் என்று பிட்லாக்கர் போட்டேன் என்று கேட்பீர்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தால், டிஸ்க் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. ஆகவே லினக்ஸ் போடுவதற்கு முன்பே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். பூட் சம்பந்தமாக எதையும் தொடுவதற்கு முன் விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

"எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும். அதனால் பூட் கெடுமா?"

கெடும். மழைக்காலத்தில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி நிறைய வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வாரக் கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது. கரண்ட் வந்து பல நாள் கழித்து மெஷினை ஆன் செய்தவர்களுக்குத் தேதியெல்லாம் பின்னால் போயிருந்தது.

கரண்ட் பாதியில் போனால் லினக்ஸ் பார்ட்டிஷனில் எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாக நிற்கும். அடுத்த முறை இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குள் ஒரு வரி வந்து நின்றுவிடும். அதற்கு மேலேயே எந்தப் பார்ட்டிஷன் என்று எழுதியிருக்கும். எஃப்எஸ்சிகே மைனஸ் ஒய் என்று கொடுத்து அந்தப் பார்ட்டிஷனின் முழுப் பாதையைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். சரிசெய்து முடித்ததும் எக்ஸிட். இது லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மட்டும். விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸின் செக்டிஸ்க்தான் சரிபார்க்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தாலோ இந்தத் திரை வாரம் ஒரு முறை வந்தாலோ, எதையும் சரிசெய்வதற்கு முன் வேண்டியதை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

மற்றொன்று மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்து, மெயின் கரண்டும் இல்லாதபோது பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும். பூட் வரிசை மாறலாம், யூஇஎஃப்ஐ லெகசியாகலாம், டிஸ்க்கை அணுகும் முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்று மாறலாம். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி தவறாக இருந்தால் கிரப்பைத் தொடாதீர்கள். பேட்டரியை மாற்றிவிட்டு, பயாஸ் அமைப்பை முன்பிருந்தபடி வையுங்கள்.

"லினக்ஸ் போய்விட்டு விண்டோஸ் வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறுகிறது."

பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். மதர்போர்டுக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கின்றன. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒரு முறை கொடுத்தால் தீர்ந்தது.

"எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸ் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் லினக்ஸே வரவில்லை."

லினக்ஸ் புது டிஸ்க்கில் ஏறியிருக்கும், அதன் பூட் லோடர் பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்திருக்கும். உபுண்டு குடும்ப நிறுவிகள் இப்படிச் செய்வது பலருக்கு நடந்திருக்கிறது. பழையதைத் திரும்ப மாட்டி லினக்ஸுக்குள் போய், புது டிஸ்க்கில் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, அதை மவுன்ட் செய்து, மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேபிலும் அதன் அடையாளத்தை மாற்றி, கிரப்-இன்ஸ்டால் கொடுங்கள். இனிமேல் போடுபவர்கள், நிறுவும் நேரத்தில் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

"என்னால் இதெல்லாம் முடியாது தம்பி. கடையில்தான் கொடுக்க வேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது?"

முடியாதவர்கள் கடையில் கொடுப்பதில் தவறே இல்லை. நன்றாகச் செய்யும் தொழில்நுட்பக்காரர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் வாயால் சொன்னால் மறந்துபோகும், வேலை செய்பவர் வேறு ஆளாகவும் இருப்பார். ஒரு தாளில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள்: இதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. பூட் லோடர் மட்டும் பழுது. என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம். கீழே உங்கள் போன் நம்பர். பிழைத் திரையின் படத்தையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். கணக்கோ பயிர்க் காப்பீட்டுத் தாள்களோ அதில் இருந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன் லைவ் பென் டிரைவில் பூட் செய்து அவற்றை நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.